செருப்புக் காலோடு வந்த தூதன்

முதல் மடக்கிலேயே எதிரியின் தூதன் இசொகாய்க்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கிண்ணத்தில் மிதந்தது வெந்த சேப்பந்தண்டு. நார் நாராகப் பல்லில் சிக்கியது. காயாத துணியின் வாடை அடித்தது.

"சீ! மாடுகூட மூஞ்சியைத் திருப்பிக்கும். இதையா விருந்தாளிக்கு வைக்கறீங்க?"

"ஆக்கிப் போட்டதைக் குறை சொல்ல நீங்க என்ன எங்க சம்பந்தியா?" என்றாள் ஓரியே. கோட்டைத் தலைவர் குசாகாவின் மனைவி அவள். முற்றுகை தொடங்கிய நாளிலிருந்து அடுப்படி முழுக்க அவள் பொறுப்பு.

போன மாதம் சரணடையச் சொல்லி வந்தபோதும் இவன் லட்சணம் இதுதான். கோட்டை வாசலின் மாடிக் கூடத்தில், மண் அப்பிய செருப்போடு மெத்தைபோல் தடித்த பாயில் ஏறி நின்று, நடுவில் காறித் துப்பிவிட்டுப் போனான். அந்தச் சளியைப் பார்த்த யாருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதே கூடத்தில் இன்றும் செருப்பைக் கழற்றாமல்தான் உட்கார்ந்திருந்தான். வெறும் பலகை குளிரில் சில்லிட்டது.

"உக்காரப் பாய்கூடக் கிடையாதா?"

"செருப்பைக் கழட்டத் தெரியாதவங்களுக்குப் பாய் எதுக்கு?"

இவன் வந்தது வேவு பார்க்க என்று எதிரே உட்கார்ந்திருந்த குசாகாவுக்குத் தெரியும். உள்ளே சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று மோப்பம் பிடித்தால், ஒரு வாரம் காத்திருந்தே கோட்டையைப் பிடித்துவிடுவார்கள். தீரவில்லை என்று நம்பினால், மலைப்பாதையைப் பனி மூடுவதற்குள் படை ஊர் திரும்பியாக வேண்டும்.

"விஷம் கிஷம் போட்டிருக்கா? ஓய் குசாகா, நீரும் ஒரு கிண்ணம் குடியும்!"

குசாகா கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார். ஓரியே தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"எனக்குப் பசிக்கல. உங்களுக்கு இன்னொரு கரண்டி?"

"ஐயோ, ஆளை விடும்மா!"

அவள் தோளைக் குலுக்கினாள். ஏறி வரும் எதிரி தலையில் கல்லைத் தள்ளுவதற்காகச் சுவரோரம் தரையில் விட்டிருந்த துவாரத்தின் மூடியைத் தூக்கி, பானையை அப்படியே அதில் கவிழ்த்தாள். கீழே வாசலில் காத்திருந்த அவனுடைய ஆட்கள் கெட்ட வார்த்தையில் கத்தினார்கள்.

இசொகாயின் முகம் தொங்கிப்போனது. பட்டினி கிடக்கிறவர்கள் பானையோடு கொட்டுவார்களா?

"இந்தக் கர்மத்தைத் தின்னுக்கிட்டே குளிர்காலம் பூராவும் உக்காந்திருப்பானுங்க போல" என்று முனகியபடி இறங்கினான். சாயங்காலமே எதிரியின் கூடாரங்கள் பிரிந்தன.

அம்பு விடும் துளை வழியாக அதைப் பார்த்த பிறகுதான் குசாகாவுக்கு மூச்சு வந்தது.

"கோட்டை கட்டின மகராசன் லேசுப்பட்டவர் இல்ல. வைக்கோலுக்குப் பதிலா காஞ்ச சேப்பந்தண்டைத் திணிச்சு இத்தனை பாய் தெச்சு வச்சாரே! ஆனா ஓரியே, பாயெல்லாம் போன வாரமே வேக வச்சுத் தின்னு தீத்துட்டோமே. இன்னிக்கு இது ஏது?"

ஓரியே இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"அவன் காறித் துப்பின பாயை மட்டும் யாரும் தொடலைங்க."