வாசலுக்கு வரும் வேன்

"தப்பாப் படிக்கணும். எங்க, ஒரு தடவ படிச்சுக் காட்டு பார்ப்போம்."

பள்ளிக்கூட வாசலில் நின்ற ஓட்டைக் காருக்குள், வெர்லீன் ஒரு கதைப் புத்தகத்தை மகளின் மடியில் விரித்து வைத்தாள். கெசியா புத்தகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு வார்த்தை சொல்லித் திக்கி, மூன்றாவதில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடி சக்கை! இதேதான்! உள்ள போயும் இதே மாதிரி திணறணும், சரியா?"

"பொய் சொன்னா பாவம்னு பாஸ்டர் சொன்னாரேம்மா?"

"பாஸ்டரா வந்து உன்னைக் காலையில பஸ் ஏத்திவிடப் போறாரு? வாயை மூடிக்கிட்டு நான் சொன்னதைச் செய்." அதட்டிவிட்டு வெர்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெற்றவளே பொய் சொல்லிக் கொடுக்கிறாள்.

எல்லாம் மாநிலக் கல்வி வாரியம் செய்த கைங்கரியம். தலைநகரில் குளுகுளு அறைக்குள் உட்கார்ந்து, இந்த மாவட்டத்துப் பள்ளிகள் இந்த வருடமும் தேறவில்லை என்று கையைத் தூக்கி முடிவு கட்டினார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. ஆகஸ்டு முதல் பிள்ளைகள் நெடுஞ்சாலையில் போய் நின்று, விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து, அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

அந்த நேரத்தில் வெர்லீன் கெளுத்தி மீன் ஆலையில் கத்தியும் கையுமாக நிற்பாள். வீட்டில் வேறு நாதி கிடையாது. பருத்திக் காட்டுக்கு நடுவே லாரிகள் தலைதெறிக்கப் பறக்கும் சாலை அது. போன வருடம்தான் அங்கே பக்கத்து வீட்டுப் பையனை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. வேலையை விட்டால் சோறில்லை, விடாவிட்டால் பிள்ளையே மிஞ்சுமோ என்னவோ என்று அவள் தூக்கத்தைத் தொலைத்திருந்தாள்.

வாரியம் ஒரே ஒரு சந்து விட்டிருந்தது. சிறப்புக் கல்விக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் வாசலுக்கே வேன் வரும். ஏற்றி இறக்க ஓர் ஆயாவும் கூட வருவாள்.

ஆனால் கெசியா வகுப்பிலேயே முதல் ஆள். மாவட்டத்தை எப்படியாவது கரையேற்ற வேண்டுமென்று டீச்சர்கள் வருடம் பூராவும் அதே நாலு பாடத்தைக் கூட்டமாகக் கத்த வைத்தார்கள். இவள் சோள ரொட்டியைத் தின்றுகொண்டே, கூரையைப் பார்த்துக்கொண்டே, ஒரு வரி விடாமல் கடகடவென்று சொல்லுவாள். அப்பேர்ப்பட்ட பிள்ளையை மக்கு என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்று வெர்லீனுக்கு வயிறு எரிந்தது.

பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க மிஸ் ஹாலோவே என்ற உளவியலாளர் வந்திருந்தார். கெசியாவை உள்ளே கூட்டிப்போய் ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்த வெர்லீன், சாத்தாத கதவின் பக்கம் காதை நீட்டினாள்.

உள்ளே மகள் திணறிக்கொண்டிருந்தாள். முதல் எழுத்தைப் பார்த்து ஏதோ ஒரு வார்த்தையை இட்டுக்கட்டினாள், தப்பென்று தெரிந்து மறுபடி ஆரம்பித்தாள். கடைசியில் விசும்பல் கேட்டது. கண்ணீரைக்கூட வரவழைத்துவிட்டாளே என்று வெர்லீன் அசந்துபோனாள். பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒருவழியாக மிஸ் ஹாலோவே வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"மிஸ் வெர்லீன், வீட்ல இவ புத்தகம் படிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா?"

மாட்டிக்கொண்டோம் என்றே வெர்லீன் நினைத்தாள். மாட்டினால் வேனும் இல்லை, ஊரில் தலைகாட்டவும் முடியாது.

"சத்தியமா இல்லீங்க மேடம். ஒரு எழுத்துகூட ஏறாது அவளுக்கு." கூசாமல் புளுகினாள்.

"அப்புறம் எப்படி வாசிப்புல இவ்வளவு நல்ல மார்க்கு?"

"அதைப் போட்டவங்களத்தான் கேக்கணும். எனக்கென்னங்க தெரியும், மீன் அறுக்கிறவ."

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு, வெர்லீனின் தோளைத் தொட்டார். "குழு கூடித்தான் முடிவு சொல்லணும். ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல. கெசியாவுக்குத் தகுதி இருக்கு."

வெர்லீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடி வந்து, கதவைச் சாத்தி, அவளை மார்போடு அணைத்து முத்தமாகக் கொட்டினாள்.

"வேன் வரும்டி! வாசலுக்கே வரும்! என் ராசாத்தி, என்னமா நடிச்சே! வெளிய உக்காந்திருந்த நானே நம்பிட்டேன்!"

கெசியா சிரிக்கவில்லை. அழுகை அடங்காமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதம்மா. எனக்குப் பொய் சொல்லப் பயமா இருந்துச்சு."

"அட அசடே, அதான் சொல்லி முடிச்சிட்டியே! இன்னும் என்ன பயம்?"

குழந்தை தலையை ஆட்டியது.

"இல்லம்மா... நான் ஒழுங்காத்தான் படிக்கப் பார்த்தேன்."