பின்பாதி

டெம்போ சந்துக்குள் நுழையாது. முனையிலேயே நின்றது.

தாராவியின் அந்தச் சந்தில் யார் வீடு மாறினாலும், வீட்டுக்கு ஒருவர் வந்து ஒரு சாமானாவது தூக்கிப்போய் வண்டியில் ஏற்றுவார்கள். கேட்டுச் செய்கிற உதவி அல்ல. கேட்காமலே நடக்கும்.

இன்று ஜெபாவின் வீடு காலியாகிறது. ஒருவரும் வரவில்லை.

ஜெபாவும் அவள் அப்பாவும் மட்டும் பீரோவைச் சாய்த்துச் சாய்த்து நகர்த்திக்கொண்டு போனார்கள். வாசல்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஒரு கைகூட நீளவில்லை.

எதிர்வீட்டு வாசலில் ஸ்ரீதேவி நின்றாள். அவளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் அப்பா இசக்கிராஜ்.

துப்பட்டாவுக்குள் பாதிப் புத்தகம் ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில், இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து வாங்கிய புத்தகம் அது. அப்போது பி.எஸ்ஸி. கடைசி வருடம். சனிக்கோளின் நிலவு ஒன்றில் பனிச்சுரங்கம் வெட்டுகிறவர்கள், தங்களை ஆளுகிறவர்களை எதிர்த்துக் கிளம்புகிற கதை. யார் முதலில் படிப்பது என்ற சண்டை மாட்டுங்காவில் கல்லூரிப் படியேறும்வரை ஓயவில்லை.

ஜெபாதான் லேபில் பிளேடை எடுத்தாள். புத்தகத்தின் முதுகில் ஒரே கீறல்.

"நீ முன்னால இருந்து படி. நான் பின்பாதியப் படிக்கேன். முடிவு தெரிஞ்சா பயமில்லாமப் படிக்கலாம்லா?"

தாள்கள் உதிர்ந்துவிடாமல் இரண்டு பாதியையும் செய்தித்தாளில் சுற்றி, நைலான் நூலால் கட்டியவள் ஸ்ரீதேவி. முடிச்சுகளின் நுனியை லேபின் பன்சன் அடுப்புச் சுடரில் காட்டினாள். நூல் உருகி, கறுப்பு மணியாக இறுகியது.

தன் பாதியின் கட்டை அன்று மாலையே அறுத்துவிட்டாள்.

அப்படி ஒரு வேகத்தை அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாமல் பருப்பு குழைந்து போனது. கதையில் டாரோ என்று ஒருவன். சுரங்கக் கதவின் காவல்காரன். அவன் தம்பி கலகக்காரர்களோடு இருந்தான். இரண்டு பக்கமும் அவனைத் தங்கள் ஆள் என்று நம்பியது.

முன்பாதி, பாதி வாக்கியத்தில் நின்றது. டாரோ சாவியைக் கையில் எடுத்து,

அவ்வளவுதான். ஒரு கமா.

சாவியை எடுத்து என்ன செய்தான்? கல்லூரிக்கு நடக்கும் வழியெல்லாம் ஜெபா அவளை வதைத்தாள்.

"ஏட்டி, உன் டாரோ இருக்கான்லா... வேண்டாம், சொன்னா அழுதுருவ."

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். ஸ்ரீதேவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடப்பாள். அந்தச் சிரிப்பில் டாரோ பிழைத்தானா செத்தானா என்று தேடுவாள்.

பாதிகளை மாற்றிக்கொள்ள நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் பில்டரின் ஆட்கள் சந்துக்குள் வந்தார்கள்.

இடித்துக் கட்டச் சம்மதம் என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் ஜெபாவின் அப்பா. போடக்கூடாது என்று கூட்டம் சேர்த்தவர் இசக்கிராஜ். தினமும் அரை கிளாஸ் கட்டிங் சாயாவையே இரண்டாகப் பகிர்ந்து குடித்தவர்கள்.

"அந்த வீட்டுப் படிய மிதிச்ச, அப்புறம் இந்த வீட்டுப் படிய மிதிக்காத" என்றார் இசக்கிராஜ்.

ஸ்ரீதேவி எதிர்த்துப் பேசிப் பழகாதவள். ஜெபாவும் கூப்பிடவில்லை. செம்பூரில் ஒரு லேபில் வேலை கிடைத்து, சம்பளம் வாங்கத் தொடங்கிய பின்னும், அந்தப் புத்தகத்தை ஸ்ரீதேவி மறுபடி வாங்கவில்லை. போனில் தேடினால் ஒரு நொடியில் முடிவு தெரிந்துவிடும். தேடவில்லை. முடிவு ஜெபாவிடம் இருந்தது.

இப்போது ஜெபாவும் சான்பாடாவுக்குப் போகிறாள்.

பீரோ முனையைக் கடந்தது. வாசலில் மிச்சமிருந்தது ஒரு மூட்டையும், கரண்டிகள் நிறைந்த ஒரு வாளியும்.

ஸ்ரீதேவி படியிறங்கினாள். சந்தின் நடுவே ஓடும் சாக்கடைக் கல்லைத் தாண்டினாள்.

"தேவி."

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. அவள் திரும்பவில்லை. பாதிப் புத்தகத்தைக் கரண்டிகளுக்கு அடியில் செருகி, வாளியைத் தூக்கினாள்.

திரும்பி வந்த ஜெபா மூட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

"உங்கப்பா பாக்காங்க, ஏட்டி."

"பாக்கட்டும்."

டெம்போவில் வாளியை ஏற்றியதும், ஜெபா மூட்டைக்குள் கையை விட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். என்றைக்கோ ஒரு தீபாவளிக்கு ஸ்ரீதேவி வீட்டிலிருந்து முறுக்கு போன டப்பா.

"வெறும் டப்பாவாக் குடுக்கக் கூடாதுல்லா" என்றாள். டப்பாவை ஸ்ரீதேவி கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஸ்ரீதேவி திரும்பி வந்தபோது இசக்கிராஜ் வாசலை அடைத்து நின்றார். அவள் தன் வீட்டுப் படிக்குக் கீழேயே நின்றாள்.

அவர் சந்து முனையையே பார்த்தார். வண்டி போய்விட்டிருந்தது.

"பீரோக் கண்ணாடி உடையாம ஏத்துனாங்களா?"

"ம்."

நகர்ந்து வழிவிட்டார்.

அடுப்படியில் டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே பின்பாதி. மஞ்சளித்துப் போன அதே செய்தித்தாள். அதே நைலான் நூல். முடிச்சில், அவள் கையால் சுடரில் காட்டிய அதே கறுப்பு மணி, அறுபடாமல், இறுகியபடியே.

ஸ்ரீதேவி கத்தியை எடுத்தாள். நூலின்மேல் வைத்தாள். வைத்த இடத்திலேயே கை நின்றது.

பிறகு கத்தியைக் கீழே வைத்து, டப்பாவை மூடினாள்.

முன்பாதியைப் படித்து ஜெபாவும் அந்தக் கமாவுக்கு வந்து சேரட்டும்.