அம்மாவுக்குச் சொன்ன புட்டு

கதை எழுதிப் பழக்கமில்லாத நான் இதனை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ரொறன்ரோவில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த நிரோஜினி, அச்செய்தியை யாழ்ப்பாணத்திலிருந்த தன் தாயாரிடம் மறைத்தே வைத்திருந்தாள். அன்று காலையும், குடித்த அரைக் கோப்பைக் கஞ்சியை வாந்தியெடுத்துவிட்டுத்தான் தாயை அழைத்தாள்.

“சாப்பிட்டனியோ பிள்ளை?”

“ஓம் அம்மா. புட்டும் மீன்குழம்பும், வயிறு முட்ட.”

அழைப்பு முடிந்ததும், மருத்துவமனையார் அவள் வீட்டுச் சுவரில் பொருத்தியிருந்த தாதி இயந்திரம் பணிவுடன் பேசியது.

“மகிழ்ச்சி. தாங்கள் நன்றாக உண்கிறீர்கள். நாளை முதல் நாங்கள் அனுப்பும் சமையல் உதவியாளர் வரமாட்டார்.”

“ஐயோ, அது அம்மாவுக்குச் சொன்ன பொய்!”

“மன்னிக்கவும். நோயாளர் எங்களிடம் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். தாயிடம் சொல்வதையே நாங்கள் ஏற்கிறோம்.”

“உனக்கொரு அம்மா இருந்தால் இப்பிடிக் கதைப்பியே?”

மூன்று நாள் அவள் கத்தியும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். இயந்திரம் மூன்று நாளும் தவறாமல் மன்னிப்புக் கேட்டது, உதவியாளரைத்தான் அனுப்பவில்லை. நான்காம் நாள், கஞ்சிப் பானையைத் தூக்கவும் பலமின்றிச் சமையலறைத் தரையில் அமர்ந்தபடியே தாயை அழைத்தாள்.

“சாப்பிட்டனியோ பிள்ளை?”

“இல்லை அம்மா. எனக்குக் கான்சர்.”

தாய் வாய் திறக்குமுன் சுவர் முந்திக்கொண்டது.

“நன்றி. உதவியாளர் நாளை வருவார்.”

அவ்வாண்டில் நிரோஜினி இழந்தவை: இடது மார்பு, தலைமுடி, நான்கு நாட் சாப்பாடு, யாழ்ப்பாணத்தில் அம்மாவின் நித்திரை.