தொட்டியோரம் இருந்த வில்லை

துர்க்கு நகரத்து ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் வழியே அக்டோபர் வெயில் சாய்ந்து வந்து, என் உள்ளங்கையில் இருக்கும் கண்ணாடி வில்லையில் விழுகிறது. சட்டைப் பொத்தான் அளவுதான், துளி மாசு இல்லை. இங்கே பாத்திரம் கழுவ வந்த நாளிலிருந்து கண்ணாடி பளபளத்தால் பாராட்டுவார்கள். இன்று அதுவே குற்றமாகிவிட்டது. உடைந்த எலும்பு கூடுவதற்காக ஆய்வாளர் ரைலி உருக்கிச் செய்த கண்ணாடி இது. உடம்பின் நீரைப் போன்ற உப்புநீரில் ஆறு வாரமாக இது ஊறிக்கொண்டிருந்த குப்பியைத் தொட்டியோரம் வைத்துவிட்டு, மணி இரண்டானதும் எல்லோரையும் போலக் காபி குடிக்கப் போயிருந்தாள். அழுக்குக் குப்பி என்று நினைத்து நீரைக் கொட்டி, வில்லையையும் தேய்த்துவிட்டேன். "ஹில்லா, தேய்க்கறப்போ அதுமேல வெள்ளையா ஏதாவது படிஞ்சிருந்துச்சா? யோசிச்சுச் சொல்லு" என்கிறாள் ரைலி. படிந்திருந்தால் எலும்பின் சத்து அதில் வளரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் அவளுடைய மூன்று வருட உழைப்பு வீண். "கழுவுறதுல இவள மிஞ்ச ஆளே இல்ல. எலும்பையே கழுவி ஊத்திட்டாளே!" என்கிறார் உலையைக் கவனிக்கும் வெய்யோ. ரைலி சிரிக்கவில்லை. ஏலக்காய் ரொட்டியின் சர்க்கரை அவள் சட்டைக்கையில் ஒட்டியிருக்கிறது. என் விரலில் ஏதோ வெள்ளையாக வழுக்கியது நன்றாக நினைவிருக்கிறது. சோப்பு நுரையும் அப்படித்தான் வழுக்கும். "நீ சொல்றத அப்படியே எழுதிக்கறேன்" என்று ரைலி பேனா மூடியைக் கழற்றுகிறாள். இருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். "தெரியல" என்று வருகிறது. ரைலி அதையே எழுதுகிறாள்.