அஞ்சு மணித்தியாலம்

“அஸர் தொழுகையோட மையித்தத் தூக்கி அடக்குறோம். யாருக்காகவும் நிக்க ஏலாது” என்றான் அஸ்ஃபர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஸ்ஃபரைப் பெத்த வாப்பா மஹ்மூத் மாமாவின் மையித்து நடு வீட்டில். கூடப்பிறந்த ஒரே தம்பி ஹுதைபா தோஹாவில். விடியச் சுபஹோடு மாமா மௌத்தான செய்தி கேட்டு, “உம்மா, நான் வாறன், வாப்பாட மொகத்தப் பாக்கணும்” என்று ஃபோனில் கதறியிருக்கிறான் பிள்ளை. இவன் நிற்க மாட்டானாம்!

“அடேய், நான் கண்டி டவுன்ல ஃப்ளைட் டிக்கட் அடிக்கிறவன். எனக்கே கணக்குச் செல்றியா? தோஹாலருந்து கட்டுநாயக்க அஞ்சு மணித்தியாலம் மச்சான். அங்கருந்து நம்மட கெலிஓயாக்கு, ரோட்டு எப்பிடி அடைச்சாலும் நாலு. இப்ப ஏத்தினா ராவைக்குப் புள்ள வாசல்ல நிப்பான். இஷாவுக்குப் பொறகு அடக்கினா என்ன கொறஞ்சி போகும்?”

“மையித்த வெச்சிக்கிட்டு ஈக்கக் கூடாது.”

“ஒன்ட மாமனார் மௌத்தானப்போ, சவூதிலருந்து மகன் வாற வரைக்கும் வெச்சிருந்தீங்களே! அப்ப இந்த மார்க்கம் எங்க போச்சு?”

அஸ்ஃபர், மையித்துக்குச் சுற்றும் கபன் துணி வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டான்.

உள்ளே பஸீஹா மாமியின் சத்தம் வீட்டையே பிளந்தது.

“என்ட சின்ன மகன் வாப்பாவக் கடைசியாப் பாக்கிறதக் கெடுக்கிறியே, பாவி! நீ எனக்குப் புள்ளையே இல்ல. இனி ஒன்ட மொகத்துல முழிக்க மாட்டன்!”

“நானாக்கும் தம்பிக்கும் காணித் தகராறாக்கும்” என்று முற்றத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவனிடம் என்ன உத்தரவு? சீட் பார்த்தேன். இருந்தது. கிணற்றடிக்குப் போய் ஹுதைபாவுக்கு எடுத்தேன்.

“தம்பி, பாஸ்போர்ட்ட ஒரு ஃபோட்டோ புடிச்சி அனுப்பு. டிக்கட் என்ட பொறுப்பு. ஒன்ட நானாவ நான் பாத்துக்கிறன்.”



“பாஸ்போர்ட் எங்கிட்ட இல்ல மச்சான்.”

“என்னது?”

“கம்பெனிய மூடிட்டாங்க. பாஸ்போர்ட் மொதலாளிக்கிட்ட. விசாவும் முடிஞ்சி போச்சு. ஒளிஞ்சிதான் வேல செய்றன். எயார்போட் பக்கம் போனா உள்ள போட்டுருவாங்க. வாப்பாக்கும் நானாக்கும் மட்டும்தான் தெரியும்.”

“அப்ப உம்மாக்கிட்ட ஏன்டா வாறன்னு சென்ன?”

“உம்மா அழுவுற சத்தத்துல வாய்ல வந்திட்டு.”

“சீட் இல்லண்டு செல்லியிருக்கலாமே!”

“இன்டக்கிச் சீட் இல்லண்டா நாளைக்கு வாண்டு செல்லுவா. நாளைக்கும் வராட்டி, எனக்கு என்னவோ ஆகிட்டுண்டு கண்டுபுடிச்சிருவா. இப்பதான் நெஞ்சு ஒபரேஷன் செஞ்ச மனிசி மச்சான், தாங்குவாவா? நானாதான் சென்னாரு. ‘நான் ஒனக்காக நிக்கல்லண்டு ஆகட்டும். அந்தக் கோவத்துல நீ வீட்டுப் பக்கம் வாறல்லண்டு ஆகட்டும். ஏசுறதெல்லாம் என்னைய ஏசட்டும்’ண்டு.”

அல்லாஹ்வே!  கொஞ்சம் முன்னாடி அஸ்ஃபரை என்னென்ன கேட்டுவிட்டேன்!

திரும்பி வந்தால், வாசற்படியில் மாமி. சுவரைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார்.

“இப்ஹாம் மகன், சீட் ஈக்கா?”

முற்றத்தில் மையித்து வைத்துத் தூக்கும் சந்தூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அஸ்ஃபர் அப்படியே நின்றான். காலையிலிருந்து அவன் முகத்தில் இல்லாத பயம் இப்போது இருந்தது.

“ஈக்கி மாமி” என்றேன், ஊரே கேட்க. “ஒங்கட மூத்த மகன்தான் நிக்க மாட்டேங்கிறான், கல்லு மனசுக்காரன்!”