மணி அடிக்காத பள்ளிக்கூடம்

"ஏண்ணே, மணி அடிக்க உமக்குக் கை வலிக்குதோ? சம்பளம் வாங்க மட்டும் நல்லா நீளுதுல்ல?"

பள்ளிக்கூட வராண்டாவில் நின்று வள்ளித்தாய் போட்ட சத்தத்தில், வாசலில் மேய்ந்த ஆடுகூட நிமிர்ந்து பார்த்தது.

பியூன் சுடலை பதறிப்போனார். "கொஞ்சம் மெதுவாப் பேசு தாயி."

"எதுக்கு மெதுவா? ஊரே கேக்கட்டும்!"

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆமத்தூர் பக்கத்து அந்தச் சின்ன ஊரில், வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பள்ளிக்கூட மணிதான் கடிகாரம். வீட்டுக்கு வீடு சுவரில் ஒன்று தொங்கும்தான். ஆனால் ஒன்றுக்கொன்று கால் மணி நேரம் வித்தியாசம். அதை நம்பி யார் கிளம்புவார்? ஒன்பதுக்கு மணி கேட்டால் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒன்பதே காலுக்குக் கண்மாய்க்கரையில் தீப்பெட்டி கம்பெனி வேன். ஒரு நிமிஷம் நிற்காது பாவி வண்டி.

மூன்று வாரமாக மணியே இல்லை. வள்ளித்தாய்க்கு இன்றோடு மூன்றாவது தடவையாக வேன் போய்விட்டது. "லோடு போற நேரம். இன்னும் ரெண்டு தடவை லேட்டானா ஆளை மாத்திருவேன்" என்று போர்மேன் போன வாரமே சொல்லிவிட்டான். அந்த இரண்டில் ஒன்று இன்றைக்குப் போச்சு.

"என் பாடு உமக்குத் தெரியாதா? பங்குனியில வண்டியிலருந்து விழுந்து மகளுக்கு மண்டையில ஆபரேசன். பள்ளிக்கூடம் தெறந்ததுலருந்து தினமும் தலைவலி, வாந்தி. இப்பத்தான் கொஞ்ச நாளா எட்டாங் கிளாசுக்கு ஒழுங்கா வாரா. இதை எடு, அதைப் போடுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லி அவளைக் கிளப்புறதுக்குள்ள எனக்கு உசிரே போகுது. மணி கேட்டாத்தானே நேரம் தெரியும்? நீரு என்னடான்னா, கிளாஸ் கிளாசா எட்டிப் பாத்துக்கிட்டு உலாத்துறீரு!"

"என் மேல தப்புத்தான் தாயி."

"தப்புன்னா அடிக்க வேண்டியதுதானே?"

சுடலை தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமையாசிரியை ஞானபூரணி ஓடி வந்தார். "வள்ளித்தாய், உள்ள வாங்க. என் ரூம்ல உக்காந்து பேசுவோம்."

"உள்ள எதுக்கு டீச்சர்? உங்களாலயும் இவரை மணி அடிக்க வைக்க முடியலையா? சரி, நானே அடிக்கேன்!"

சுவரோரம் சாத்தியிருந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று புங்க மரத்துக்குப் போனாள். அங்கேதான் மணிக்கென்று தண்டவாளத் துண்டு தொங்கியது. கம்பியை ஓங்கிவிட்டாள்.

சுடலை பாய்ந்து வந்து தண்டவாளத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். "என் மேல அடி தாயி! இதுல அடிச்சிராத!"

எட்டாம் வகுப்பில் பெஞ்சுகள் தடதடத்தன. வள்ளித்தாய் திரும்பினாள்.

ஜன்னல் வழியாக மகள் மாரிசெல்வி தெரிந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் அவள் காதுகளைக் கையால் பொத்திப் பிடித்திருந்தார்கள். மொத்த வகுப்பும் வள்ளித்தாயின் கையிலிருந்த கம்பியையே பார்த்தது.

ஓங்கிய கை தானாக இறங்கியது.

"டீச்சர், இது என்னது?"

ஞானபூரணி அவள் காதோரம் குனிந்து சொன்னார். "அடிபட்ட தலை. எழுத நேரமாகும், மறந்துபோகும். அதுக்கெல்லாம் நாங்க காத்திருப்போம். ஆனா மணிச் சத்தம் அவளுக்கு ஆகலை. அடிச்ச உடனே தலையைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுப்பா. நீங்க கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் பெரிய சத்தம் ஆகாதுன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு. நீங்க ஒருநாள் வந்து, 'இப்படியே இருந்தா புள்ளைய நிறுத்திருவேன்'னு அழுதீங்கள்ல? அதான், நாங்க மணியை நிறுத்திட்டோம்."

வள்ளித்தாய் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ... தலைவலி நின்னது மாத்திரையால இல்லையா?"

"மாத்திரையும்தான். சுடலையண்ணன் காலும்தான். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துக் கிளாசுக்கும் நடந்து போய் பீரியடு முடிஞ்சதைச் சொல்றாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிரும். ஒத்தப் புள்ளைக்காகவா மணியை நிறுத்துனாங்கன்னு பேச்சு வரும். அது அவ காதுல விழுந்தா மறுநாள் வருவாளா?"

அப்பாடா என்றிருந்தது வள்ளித்தாய்க்கு. இந்தப் பிள்ளையை எங்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று மாசக்கணக்கில் பயந்து கிடந்தவள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. கம்பியைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள்.

"அண்ணே..." என்று சுடலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அட விடு தாயி. நடந்தா சர்க்கரை குறையும்னு டாக்டரே சொல்லியிருக்காரு" என்றார் சுடலை.

கேட்டுக்கு வெளியே வேனைத் தவறவிட்ட நாலு பெண்கள் காத்திருந்தார்கள்.

"நல்லாக் கேட்டியாடி? நாளைக்கு மணி அடிச்சிருவாகளா?" என்றாள் பஞ்சம்மாள்.

"அடிக்க மாட்டாக. தண்டவாளம் கீறல் விட்டுப் போச்சாம்" என்றாள் வள்ளித்தாய்.

"அய்யய்யோ, அப்போ வேனுக்கு?"

"எங்க வீட்டுக் கடியாரத்தை டீச்சர்கிட்டக் கேட்டுச் சரியா வச்சுக்கிடுதேன். தினமும் ஒன்பதுக்கு நானே வீடு வீடா வந்து கூப்பிடுதேன்."

"நீயா? தெருமுக்குல நின்னு ஒரு சத்தம் போட்டாப் போதுமேடி, ஊருக்கே கேட்டுருமே!"

"இல்லைக்கா, பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கு" என்றாள் வள்ளித்தாய். "வாசல்ல வந்து மெதுவாத்தான் கூப்பிடுவேன்."