உள்ளங்கையால் கேட்டவள்

எல்லாம் நான் சொல்கிற வரிசையில்தான் நடந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை. பிப்ரவரி என்று நினைக்கிறேன். மார்ச்சாகவும் இருக்கலாம், எங்கள் அமெரிக்க ஊரான டுலூத்தில் இரண்டு மாதமும் ஒரே பனி வெள்ளைதான்.

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும், வழக்கம்போல முதல் வேலையாகச் சமையலறை ரேடியோவை அணைத்தேன். அந்தச் சத்தத்தில் எனக்குத் தலை வலிக்கும். அக்கா கொரினுக்கும் அவள் கணவர் டேலுக்கும் வலிக்காது. இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது.

ரேடியோ, அவர்கள் பிள்ளை எம்மெட்டுக்காக. அப்போது அவனுக்கு இரண்டு வயது ஆகப்போகிற சமயம், காது நன்றாகக் கேட்கும், வாயில் மட்டும் ஒரு சொல் வரவில்லை. அவன் காதில் பேச்சு விழட்டும் என்று கொரின் காலை ஆறு மணிக்கே ரேடியோவைத் திருகி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். துடித்தால் பேசுகிறது என்று அர்த்தம். கீழே ஆணியும் பெயிண்டும் விற்கும் கடை, மாடியில் இவர்கள் மட்டும். சத்தம் என்று புகார் சொல்லவும் ஆளில்லை.

கைகளால் எம்மெட் ஓயாமல் பேசுவான். பால், நிலா, இன்னும் வேணும், பனி அள்ளும் வண்டி. ஜன்னலில் அந்த வண்டி தெரிந்துவிட்டால் இரண்டு கையாலும் காற்றைத் தள்ளிக் காட்டி எல்லோரையும் இழுப்பான்.

குழந்தைகளின் பேச்சைச் சோதிக்க வீடு வீடாக வரும் மிசஸ் புரூயிட் அன்று எனக்குப் பின் சற்று நேரத்தில் வந்தார். தரையில் உட்கார்ந்து எம்மெட்டோடு கட்டைகளை அடுக்கினார். அவர் வாயிலிருந்து அக்காவின் கண்ணுக்கும், அக்காவின் கையிலிருந்து அவர் காதுக்கும் மொழிபெயர்ப்பவள் நான். சின்ன வயதிலிருந்தே அது என் வேலை.

"பேச்சே விழாத வீடுன்னா, பிள்ளை பேசாததுல கவலைப்பட ஒண்ணுமில்லை, லோர்னா. முதல்ல அதைச் சரிபண்ணி மூணு மாசம் பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். பிள்ளையை எங்கேயும் மாத்த வேண்டாம். இங்கே அவன் காதுல தினமும் பேச்சு விழுதா? கேட்டுச் சொல்லுங்க."

நான் கையை அசைத்தேன். "ரேடியோ தினமும் ஓடுதான்னு கேக்கறாங்க."

கொரின் சிரித்தாள். "அவ்வளவுதானா? அந்தம்மா வாய் மாடு அசை போடற மாதிரி இவ்வளவு நேரம் அசைஞ்சுதே. பாதியை நீயே முழுங்கிட்டியா?"

"அவங்களுக்கு இழுத்து இழுத்துப் பேசற பழக்கம், அக்கா."

"சரி, சொல்லு. அக்டோபர்லேர்ந்து ஒரு நாள்கூட நிறுத்தினதில்லை. பேச்சு மட்டும் வர்ற நிலையம், நீதானே வச்சுக் குடுத்தே." எழுந்தாள். "இரு, போட்டே காட்டறேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேண்டாம்க்கா. அந்தச் சத்தத்துல அவங்க பேசறது எனக்கு விழாது."

அக்கா சொன்னதை மிசஸ் புரூயிட்டிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பேனா காகிதத்தின்மேல் நின்று நின்று போனது.

"நாலு மாசமா நாள் முழுக்கப் பேச்சு கேட்டும் ஒரு சொல் வரலைன்னா, ரேடியோ போதாது. முகம் பார்த்துப் பேச ஆள் வேணும். நீங்க முன்னாடி கேட்ட மாதிரி பிள்ளை வார நாள்ல உங்க வீட்ல இருக்கட்டும்."

என் வீட்டில் ஓர் அறை உண்டு. நானும் என் கணவரும் பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று இரண்டு முறை அதற்கு மஞ்சள் பூசி, இரண்டு முறை பூட்டியிருந்தோம்.

மிசஸ் புரூயிட் போன பிறகு கொரினிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் கைகள் மடியில் கிடந்தன. அதுதான் அவளுடைய மௌனம். எம்மெட் வந்து அந்தக் கைகளைத் தூக்கிப் பார்த்தான். விட்டதும் மறுபடி விழுந்தன.

"அவன் பேசணும், லோர்னா," என்று கடைசியில் அந்தக் கைகள் சொன்னன. "என்னால அவன் வாய் அடைஞ்சு போகக் கூடாது. இன்னைக்கே கூட்டிட்டுப் போ."

எங்கள் வீட்டில் மூன்றாவது வாரமே எம்மெட் பேசினான். வார நாள் என்பது மெல்ல மெல்ல வாரம் முழுவதும் ஆகிவிட்டது. இப்போது அவனுக்குப் பதினைந்து. பள்ளியில் பேச்சுப் போட்டிகளுக்குப் போகிறான். கைகளுக்கு எல்லாம் மறந்துவிட்டது. டேலும் கொரினும் அதே மாடியில்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். தாயும் மகனும் பேசிக்கொள்ள நடுவில் நான் வேண்டும்.

அவனை முதன்முதலாக அழைத்துப்போன அன்று, எம்மெட்டுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டுக் கிளம்பும்போது கொரின் என் தோளைத் தட்டினாள். "ரேடியோவைப் போட்டுட்டுப் போ. சனிக்கிழமை வரும்போது அவனுக்கு ஓடிக்கிட்டு இருக்கட்டும்."

திருகினேன். அக்டோபரில் நான் நிலையம் வைத்துக்கொடுத்த மறுவாரமே புயலில் கூரைமேல் இருந்த ரேடியோ ஏரியல் கம்பி ஒடிந்தது. அன்றிலிருந்து வருகிற அதே இரைச்சல்தான் வந்தது, எண்ணெயில் எதையோ பொரிக்கிற மாதிரி, ஒரு சொல்கூட இல்லாமல்.

கொரின் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "நல்லா பேசுதா?"

"நல்லா பேசுது, அக்கா."